நாற்பத்தொன்பதாவது ஆளின் சர்க்கரை

வராத ஆளுக்குச் சர்க்கரை ஏறியிருந்தது.

சேவுகன் கண்ணாடியைத் துண்டில் துடைத்து மாட்டிக்கொண்டு லேப்டாப் திரையை மறுபடி பார்த்தார். மாற்றம் ஒன்றும் இல்லை. வல்லத்திராக்கோட்டைப் பள்ளிக்கூட வராந்தாவில் காலையிலிருந்து இலவசக் கண் முகாம். கண்புரை என்று முடிவான நாற்பத்தெட்டுப் பேரையும் அவர்தான் எக்செலில் ஏற்றியிருந்தார். பட்டியல் நாற்பத்தெட்டோடு முடிகிறது. அதற்குக் கீழே நாற்பத்தொன்பது என்ற எண் மட்டும் நிற்கிறது. பேர் இல்லை, ஊர் இல்லை, வயது இல்லை. அந்தக் காலி வரி மட்டும் செக்கச்செவேல் என்று சிவந்து கிடந்தது.

சிவப்பு என்றால் அந்த ஆள் இன்றைக்கு அறுவை சிகிச்சைக்குப் போகும் பேருந்தில் ஏறக்கூடாது என்று அர்த்தம். ரத்தத்தில் சர்க்கரை இருநூறைத் தாண்டியவருக்குத் திருச்சி ஆஸ்பத்திரியில் கண்ணில் கை வைக்க மாட்டார்கள். சர்க்கரைக் கட்டத்தில் எண்ணைத் தட்டினால் போதும், இருநூறுக்கு மேல் இருந்தால் அந்த ஆளின் வரி முழுதும் தானாகச் சிவந்துவிடும். யாரும் உட்கார்ந்து கலர் பூச வேண்டாம். முன்கூட்டியே ஒரு விதி எழுதி வைத்துவிட்டால் மிச்சத்தை அதுவே பார்த்துக்கொள்ளும். முந்தின நாள் வீட்டில் உட்கார்ந்து அந்த விதியை எழுதியவரும் சேவுகன்தான். அவர் வாழ்நாளில் எழுதிய முதல் விதி அது.

சேவுகனுக்கு ஐம்பத்தாறு வயது. பத்தாவது தேறவில்லை. தொழில் ஒயரிங். சுற்றுப்பட்டியில் காங்கிரீட் போட்ட வீடுகளில் பாதிக்கு அவர் கைதான் வெளிச்சம் கொடுத்தது. நான்கு வருடத்துக்கு முன்னால் கீரனூரில் ஒரு கல்யாண மண்டபத்துக்கு சீரியல் லைட் கட்டும்போது ஏணி சறுக்கி முழங்கால் போயிற்று. அதற்குப் பிறகு ஏணி ஏறுவதில்லை. டெஸ்டரை மட்டும் சட்டைப் பையிலிருந்து எடுக்கவில்லை. பேனா மாதிரி அது அங்கேயே குத்திக்கொண்டு நிற்கும்.

மகள் இனியா புதுக்கோட்டைக்குத் தினம் பஸ்ஸில் போய்ப் படித்து பி.எஸ்சி. வாங்கினாள். அந்தக் குடும்பத்தில் பட்டம் என்று பார்த்தது அதுதான் முதல். பட்டமளிப்புப் படத்தைச் சட்டம் போட்டு மாட்டி, அதற்கென்றே தனியாக ஒரு விளக்கும் ஒரு சுவிட்சும் வைத்தவர் சேவுகன். வேலை கிடைத்து ஓசூர் போகும்போது அவள் பழைய லேப்டாப்பை விட்டுப் போனாள். அதை முதல் தடவை தொட்டபோது விரலில் சுருக்கென்றது. டெஸ்டரை வைத்துப் பார்த்தார், மங்கலாக எரிந்தது. எர்த் வரவில்லை. அன்றைக்கே அந்தப் பிளக்குக்கு எர்த் இழுத்துவிட்டு, அப்புறம்தான் உள்ளே என்ன இருக்கிறது என்று திறந்தார். திறந்தவர் இரண்டு வருடமாக மூடவில்லை. ஒரு பித்தானை அழுத்தினால் ஏன் இப்படி ஆகிறது என்று கேட்டுக் கேட்டே ஒற்றை விரலில் தட்டப் பழகிவிட்டார். போன மாதம் கண் முகாம் நடத்தும் அறக்கட்டளையில், பெயர் பதிய ஆள் வேண்டும் என்றார்கள். "எக்செல் தெரியுமா?" என்று கேட்டதற்கு, "பழக்கம் உண்டு" என்று சொந்தக்காரரைப் பற்றிச் சொல்வதுபோல் சொல்லிச் சேர்ந்துகொண்டார்.

நாற்பத்தொன்பதாவது வரியை அவர் உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மேசைக்கு முன்னால், நர்ஸ் சர்க்கரை அளவு எழுதிக் கொடுத்த சீட்டு ஒன்று நீண்டது. நீட்டியவர் மேற்குத் தெரு முத்துமாரியம்மாள். அறுபதைத் தாண்டியவர்.

"தம்பி, மைக்கில எம் பேரச் சொல்லி வீட்டுக்குப் போகச் சொல்றாங்க. என்ன சங்கதி?"

"சர்க்கரை கூடுதலா இருக்குக்கா. செவப்பு காட்டுது."

"எம்புட்டு காட்டுது?"

சேவுகன் இருபத்தேழாவது வரியில் விரலை வைத்தார். "நூத்தி நாப்பத்தாறு" என்று படித்துவிட்டு அப்படியே நிறுத்தினார்.

"சீட்டுலயும் அதான் எழுதியிருக்கு. நீங்க தட்டி முடிச்சதும் நாந்தான் கேட்டுத் திரும்ப வாங்கிக்கிட்டேன். போன முகாமுல எரநூத்தி அறுபத்தெட்டுன்னு திருப்பி அனுப்புனாங்க. மூணு மாசமா டீயில சீனி இல்ல. விடியக்காலம் கண்மாக்கரையில நான் நடந்த நடைய அங்க படுத்துக் கெடக்குற நாயைக் கேட்டாச் சொல்லும். எதுக்க வர்றது ஆளா மாடான்னு தெரியாம நடந்திருக்கேன் தம்பி. நூத்தி நாப்பத்தாறுக்கு எந்த ஊருல செவப்பு?"

எண் சரியாக இருக்கிறது. கலர் தப்பாக இருக்கிறது. இரண்டும் ஒரே வரியில் நிற்கின்றன.

அதற்கு மேல்வரியைப் பார்த்தார். இருபத்தாறு, பெரியண்ணன், சர்க்கரை முந்நூற்றுப் பன்னிரண்டு. வரி வெள்ளை வெளேர் என்று இருந்தது. பெரியண்ணன் ஏற்கெனவே புருவத்துக்கு மேல், எந்தக் கண் என்று காட்டும் பிளாஸ்திரியை ஒட்டிக்கொண்டு பேருந்தில் சன்னலோரம் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்.

"செத்த இருங்கக்கா. எங்கிட்டும் போயிராதீங்க."

மோகனப்ரியாவைக் கூப்பிட்டார். முகாமுக்கு அவள்தான் பொறுப்பு. கீரனூர்ப் பெண், வயது இருபத்தாறு. ஒரு கையில் போன், ஒரு கையில் பிளாஸ்திரிச் சுருள் என்று அங்குமிங்கும் ஓடிக்கொண்டிருந்தவள் திரையை எட்டிப் பார்த்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"விதி எதும் மாத்துனீங்களாண்ணே?"

"நீ எழுதிக் குடுத்த பேப்பரப் பாத்துப் போட்டதுதான் தாயி. ஒரு புள்ளி கூட மாத்தல."

அவள் விதியைத் திறந்து பார்த்தாள். =$E2>200 என்று இருந்தது. அவள் கைப்பட எழுதிய காகிதத்திலும் அதேதான். 'முதல் பேரிலிருந்து கீழே வரை செலக்ட் செய்யவும். பிறகு இதைத் தட்டவும்.' E என்பது சர்க்கரை எழுதும் பத்தி.

"விதி சரியா இருக்குண்ணே. ஏழெட்டு ஊருல இதே விதிதான், ஒருக்கா கூடத் தப்பினதில்ல." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "கோச்சுக்காதீங்க. நம்பரை ஆள் மாத்தித் தட்டிட்டீங்களோ?"

சேவுகனுக்குச் சுருக்கென்றது. எர்த் இல்லாத லேப்டாப் போல.

"சீட்டெல்லாம் எங்க?" என்றாள் அவள்.

சீட்டெல்லாம் டீக் கப்புகளோடு சேர்ந்து குப்பையில் போய்ச் சேர, கூட்டுகிற அம்மா பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் கொளுத்தியும் விட்டார். மிச்சம் முத்துமாரியம்மாள் கையில் இருந்த ஒன்றுதான்.

"ஒண்ண வச்சு நாப்பத்தெட்டையும் நம்ப முடியாதுண்ணே. நம்பர் மாறியிருந்தா எல்லாருக்கும் திரும்ப ரத்தம் எடுக்கணும். நர்ஸ்கிட்ட சர்க்கரை பாக்குற ஸ்ட்ரிப் பன்னெண்டுதான் இருக்கு. ஒரு மணிக்கு மேல அங்க அட்மிஷன் இல்ல. பதினோரு மணிக்குள்ள சரியான லிஸ்ட் போகலைன்னா பஸ்ஸ வெறுமன அனுப்ப வேண்டியதுதான். அடுத்த முகாம் தை மாசம்."

மணி பத்தே கால். முத்துமாரியம்மாள் சீட்டை நான்காக மடித்து முந்தியில் முடிந்துகொண்டார்.

பேருந்து ஓட்டுகிற பீட்டர் வாசலில் வந்து நின்றான். "என்னண்ணே, கரண்டு கட்டா?"

"இல்லப்பா. கரண்டு கூடிப்போச்சு" என்றார் சேவுகன். பிறகு காலி வரியைத் தொட்டுக் காட்டினார். "தாயி, நான் தட்டுனது தப்புன்னே வச்சுக்குவோம். இந்த நாப்பத்தொம்பதாம் நம்பர்ல நான் ஒண்ணுமே தட்டலையே. இது ஏன் செவக்குது?"

மோகனப்ரியா இப்போதுதான் அதைக் கவனித்தாள். "எதாச்சும் பழைய கலர் ஒட்டியிருக்கும். அழிச்சுப் பாருங்க."

சேவுகன் பெயிண்ட் வாளிப் படத்தை அழுத்தி, கலர் வேண்டாம் என்பதைக் கொடுத்தார். சிவப்பு போகவில்லை. வெள்ளையை எடுத்துப் பூசினார். சிவப்பு அசையவில்லை. மஞ்சளைப் பூசினார், அதற்கும் அது மசியவில்லை.

"ஆணி அடிச்ச மாதிரி நிக்கிது" என்றான் பீட்டர்.

சேவுகனுக்கு இப்போது பயம் கொஞ்சம் பின்னால் போய், வேறு ஒன்று முன்னால் வந்து உட்கார்ந்தது. பூட்டிய வீட்டில் ஃபேன் சுற்றுகிறது என்று யாராவது வந்து சொன்னால் அந்தக் காலத்தில் வருமே, அந்தக் குறுகுறுப்பு. நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார்.

"பூசுன கலரா இருந்தா மேல பூசுனா மறையணும். இது பூசுன கலர் இல்ல, எரியிற கலர். செவத்துல பல்பு வெளிச்சம் விழுந்தா, செவத்துக்கு எத்தன கோட்டு சுண்ணாம்பு அடிச்சாலும் வெளிச்சம் போகுமா? சுவிட்ச அமத்தணும். எரியிதுன்னா எங்கிட்டோ சுவிட்ச் இருக்கு."

"விதிதானேண்ணே சுவிட்ச்."

"விதி ஒயரு தாயி. சுவிட்ச்சு நம்பரு. எந்த சுவிட்ச்சு எந்த பல்புக்குப் போகுதுன்னுதான் இப்பப் பாக்கணும்."

புதுக்கோட்டையில் ஒரு மாடி வீட்டுக்கு அவரைக் கூப்பிட்டிருந்தார்கள், பல வருடத்துக்கு முன்னால். வேறு ஆள் ஒயரிங் செய்த வீடு. கூடத்து சுவிட்சைப் போட்டால் அடுப்படியில் எரியும். அடுப்படிக்குப் போட்டால் மாடிப்படியில் எரியும். அந்த வீட்டம்மா அதற்கே பழகி, இருட்டுகிற நேரத்தில் அடுப்படி வெளிச்சத்துக்குக் கூடத்துக்கு வந்து சுவிட்சைப் போட்டுவிட்டுப் போவார். சேவுகன் எந்த ஒயரையும் அறுக்கவில்லை. எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, ஒரு நேரத்தில் ஒரு சுவிட்ச் மட்டும் போட்டு, "எங்க எரியிது?" என்று குரல் கொடுத்துக்கொண்டே போனார். பல்பில் கோளாறு இல்லை, சுவிட்சிலும் இல்லை. போர்டில் எல்லா ஒயரும் ஒரு இடம் தள்ளி மாட்டியிருந்தது.

அதே வேலைதான் இங்கேயும் என்று தோன்றியது. ஒரு காகிதத்தில் முதலில் '26 - 312' என்று எழுதி வைத்துக்கொண்டார். கழற்றுவதற்கு முன்னால் எது எங்கே இருந்தது என்று குறித்துக்கொள்வது கைப்பழக்கம். பிறகு பெரியண்ணனின் முந்நூற்றுப் பன்னிரண்டை அழித்து நூறு என்று தட்டினார்.

பெரியண்ணன் வரியில் ஒன்றும் நடக்கவில்லை. கீழே இருபத்தேழாவது வரியில் சிவப்பு அணைந்தது.

"ஆத்தாடி" என்றாள் மோகனப்ரியா.

திரும்ப முந்நூற்றுப் பன்னிரண்டு. இருபத்தேழு சிவந்தது. நூறு. அணைந்தது. சேவுகன் மூன்று முறை போட்டு அணைத்தார். மூன்றாவது முறை தேவைக்கு இல்லை, ஆசைக்கு. பிறகு குறித்து வைத்த முந்நூற்றுப் பன்னிரண்டையே வைத்துவிட்டார்.

"அக்கா, சுவிட்ச்சு பெரியண்ண மாமா வீட்டுல, பல்பு ஒங்க வீட்டுல எரியிது."

"அந்த ஆளு சேதி எப்பவும் அப்படித்தான்" என்றார் முத்துமாரியம்மாள். "அவரு வயலுக்குத் தண்ணி பாச்சுனா எங்க வரப்புல ஒழுகும்."

அடுத்து நாற்பத்தெட்டாவது ஆளின் இருநூற்று நாற்பதைக் குறித்துக்கொண்டு நூறாக்கினார். நாற்பத்தொன்பதாவது காலி வரி வெளுத்தது. வராத ஆளுக்குச் சர்க்கரை இறங்கிவிட்டது. திரும்பப் பழைய எண்ணையே தட்டினார்.

"நம்பர் ஒண்ணும் மாறல தாயி. இது ஒவ்வொரு ஆளுக்கும் மேல் ஆளோட சர்க்கரையைப் பாத்துக் கலர் போடுது."

"ஆனா ஏன்? விதியில ரெண்டுன்னு சரியா இருக்கே. முதல் பேரு ரெண்டாவது வரியில..." என்று சொல்லிக்கொண்டே மோகனப்ரியா திரையை மேலே உருட்டினாள். உருட்டியவள் நிறுத்தினாள்.

முதல் பேர் நல்லதம்பி. அவர் இருந்தது தாளின் மூன்றாவது வரியில். இரண்டாவது வரியில் எண், பெயர், ஊர், வயது, சர்க்கரை என்று தலைப்புகள். முதல் வரியில், முதல் கட்டத்தில், வேறு எதுவும் இல்லாமல் நடுநாயகமாக ஒரே ஒரு எழுத்து.

உ.

"அண்ணே, இது என்னது?"

"பிள்ளையார் சுழி."

"தெரியிது. எக்செல்ல எதுக்குப் போட்டீங்க?"

"எதத் தொடங்குனாலும் போடுறதுதானே" என்றார் சேவுகன், அவள் எதைக் கேட்கிறாள் என்று விளங்காமல். "மெயின் போர்டுக்குப் பின்னாடி பென்சில்ல சுழி போட்டுட்டுத்தான் ஒயரே இழுப்பேன். மொத மொதலா விதி எழுதுறோம், வெறும் பேப்பரா ஆரம்பிக்கலாமா?"

சொல்லி முடிக்கும்போது அவருக்கே விளங்கிவிட்டது. அவள் பட்டியலில் தலைப்பு முதல் வரி, முதல் ஆள் இரண்டாவது வரி. இவர் பட்டியலில் பிள்ளையார் முதல் இடத்தைப் பிடித்துக்கொண்டதால் எல்லாரும் ஒரு படி கீழே இறங்கிவிட்டார்கள். காகிதத்தில் இருந்த விதி மட்டும் இறங்காமல் 'இரண்டு' என்றே நின்றது. நல்லதம்பிக்குத் தலைப்பு வரியைப் பார்த்தது, அடுத்தவருக்கு நல்லதம்பியைப் பார்த்தது, அப்படியே கடைசி வரை ஆளுக்கு ஒரு படி தள்ளி. புள்ளி மாறாமல் எழுதியதுதான் தப்பு.

பீட்டர்தான் முதலில் சிரித்தான். "நாங்க சிலுவைக்குறி போட்டுட்டு வண்டிய எடுப்போம். நல்லவேளை, அதுக்கு எடம் வேண்டியதில்ல."

சேவுகன் விதியைத் திறந்தார். இரண்டை எடுத்துவிட்டு மூன்றைத் தட்டி, சரி என்பதை அழுத்தினார். திரையில் இருந்த சிவப்பு அத்தனையும் ஒரே நேரத்தில் ஒரு படி மேலே ஏறி உட்கார்ந்தது. நாற்பத்தொன்பது வெளுத்தது. நல்லதம்பி வெளுத்தார். முத்துமாரியம்மாள் வெளுத்தார். பெரியண்ணன் சிவந்தார்.

எண்ணிப் பார்த்தார்கள். முன்னாலும் பத்துப் பேர் சிவப்பு, இப்போதும் பத்துப் பேர் சிவப்பு. கணக்கு மாறவில்லை. ஆள்தான் மாறியிருந்தது. இரண்டு பேர் மட்டும் முன்னாலும் பின்னாலும் சிவப்பாகவே இருந்தார்கள், அவர்களுக்கு மேல் ஆளுக்கும் சர்க்கரை என்பதால். எட்டுப் பேர் ஏற வேண்டும், எட்டுப் பேர் இறங்க வேண்டும்.

மணி பத்து நாற்பது. மோகனப்ரியா மைக்கைப் பிடித்தாள். வீட்டுக்குப் போகச் சொன்னவர்களில் ஐந்து பேர் டீக்கடை நிழலிலேயே இருந்தார்கள். முத்துமாரியம்மாள் ஆறு. நல்லதம்பியைப் பைக்கில் போய் யாரோ ஏற்றிக்கொண்டு வந்தார்கள், அவர் வேட்டியை மாற்றித் தூங்கப் போயிருந்தார். எட்டாவது ஆள் மனம் வெறுத்துப் புதுக்கோட்டைக்குப் பஸ் ஏறிவிட்டார். "அங்கனயே பஸ் ஸ்டாண்டுல நில்லுங்க, எங்க வண்டி அந்த வழியாத்தான் வரும்" என்று போனில் சொன்னாள்.

இறக்குவதுதான் பெரிய பாடு. பெரியண்ணன் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"ஏறுன்னீங்க, ஏறுனேன். எறங்குன்னா எப்புடி? கண்ணுக்கு மேல முத்திரை குத்தியாச்சு."

சேவுகன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு பேருந்துப் படி ஏறினார். ஏணிக்குப் பிறகு அவர் அவ்வளவு உயரம் ஏறியது அன்றுதான். "மாமா, தப்பு எம்மேல. ஒங்களுக்கு முந்நூத்திப் பன்னெண்டு. அங்க போயி அவங்க பாத்துட்டு இந்த வெயில்ல திருப்பி அனுப்புனா நல்லாவா இருக்கும்?"

"முந்நூத்திப் பன்னெண்டா? நர்ஸம்மா எங்கிட்டச் சொல்லவே இல்லையே."

"சொன்னாங்க. நீங்க வெத்தல மடிச்சுக்கிட்டு இருந்தீங்க."

பெரியண்ணன் இறங்கினார். பிளாஸ்திரியை மட்டும் எடுக்க விடவில்லை. அவர் எழுந்த சன்னலோர இடத்தில் முத்துமாரியம்மாள் போய் உட்கார்ந்து, முந்தியில் முடிந்த சீட்டு இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டார். அவர் புருவத்தில் மோகனப்ரியா பிளாஸ்திரி ஒட்டினாள். பதினோரு மணிக்கு மூன்று நிமிடம் இருக்கும்போது லிஸ்ட் ஆஸ்பத்திரிக்குப் போயிற்று. பீட்டர் சிலுவைக்குறி போட்டுவிட்டு வண்டியை எடுத்தான்.

வண்டியில் ஏறுமுன் மோகனப்ரியா தன் காகிதத்தை வாங்கி, 'E2' என்பதற்குப் பக்கத்தில், 'முதல் பேர் எந்த வரியோ அந்த எண்' என்று எழுதிக் கொடுத்திருந்தாள். உ-வை அழிக்கச் சொல்லவில்லை. சேவுகனும் கேட்கவில்லை. அதற்கும் கீழே அவர் தன் பங்குக்கு ஒரு வரி சேர்த்தார்: 'ஆட்கள் வருமுன் முதல் பேருக்கு 999 போட்டு, அதே வரி எரிகிறதா பார்க்கவும்.' புது வீட்டில் எல்லாவற்றுக்கும் முன்னால் டெஸ்ட் பல்பு தொங்கவிடுகிற மாதிரி.

வராந்தா காலியாயிற்று. பெரியண்ணன் மட்டும் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சேவுகனுக்கு லேப்டாப்பை மூட மனம் வரவில்லை. ஒன்று இன்னும் விளங்கவில்லை. நல்லதம்பிக்கு நூற்றுப் பதினெட்டு. அவர் சிவந்தது தலைப்பு வரியைப் பார்த்து. அந்தக் கட்டத்தில் எண்ணே இல்லை, 'சர்க்கரை' என்ற சொல்தான் இருக்கிறது. சொல் எப்படி இருநூறைத் தாண்டும்?

நாற்பத்தொன்பதாவது காலி வரியில், சர்க்கரைக் கட்டத்தில், உ என்று தட்டினார். வரி சிவந்தது.

"பாத்தீங்களா மாமா?" என்று கேட்பதுபோல் பெரியண்ணனைப் பார்த்தார். பெரியண்ணன் திரையைப் பார்த்தார்.

விதியைத் திறந்து இருநூறை எடுத்துவிட்டு ஆயிரம் போட்டார். பட்டியலில் இருந்த பத்துச் சிவப்பும் போயிற்று. உ மட்டும் சிவந்தே இருந்தது. லட்சம் போட்டார். கோடி போட்டார். விரல் வலிக்கிற வரைக்கும் ஒன்பதாக அடுக்கினார். எல்லா வரியும் வெள்ளையாகக் கிடக்க, அந்த ஒற்றை எழுத்து மட்டும் எரிந்துகொண்டே இருந்தது. இந்த எக்செலுக்கு எவ்வளவு பெரிய எண்ணும் ஓர் எழுத்துக்குக் கீழேதான் போலிருக்கிறது. யார் அப்படி வைத்தார்கள், எதற்கு வைத்தார்கள்? ராத்திரி இனியாவுக்குப் போன் போட்டுக் கேட்க வேண்டும்.

"மாப்ள" என்றார் பெரியண்ணன் திடீரென்று. "எனக்குச் செவப்பு போயிருச்சே. பஸ்ஸக் கூப்பிடு."

சேவுகன் சிரித்துக்கொண்டே இருநூறைத் திரும்ப வைத்தார். இருபத்தாறாவது வரி சிவந்தது.

பெரியண்ணன் அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். வாயில் இருந்த வெற்றிலையை முற்றத்து ஓரம் போய்த் துப்பிவிட்டு வந்தார்.

"அந்த முத்துமாரி, காலையில எத்தன மணிக்குக் கண்மாக்கரைக்குப் போறாளாம்?"